பெயர் தெரிந்த பிறகு இறங்காத இரத்த வறை

மாங்குளத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு 24 வயது. சின்ன வயதிலிருந்து அம்மா "ஈரல் வறை" என்று சொல்லிப் போட்டதை விரும்பிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். போன தீபாவளிக்கு மாமா வீட்டில் பங்கு ஆடு அடித்தபோது, சட்டியில் இரத்தம் பிடிப்பதையும், கட்டியானதும் அதை அவித்து உதிர்த்து வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூவோடு வறுப்பதையும் முதல் தடவையாகப் பார்த்திருக்கிறார். கடைசியில் கோப்பையில் வந்தது, அவர் இவ்வளவு காலமும் சாப்பிட்ட அதே "ஈரல் வறை". அன்று சத்தி எடுத்தவர் இப்போது உண்மையான ஈரலையும் தொடுவதில்லை. அந்தச் சட்டியில் வைத்த கத்தரிக்காய்க் குழம்பும் இறங்குவதில்லை. வீட்டில் "சும்மா எடுப்பு" என்கிறார்களாம். கடையில் வாங்கும் பொதி செய்த சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வரி கேட்டுவிட்டு, "ருசியும் அதேதான், சுத்தமும் அதேதான். அப்ப ஏன்?" என்று முடித்திருக்கிறார்.

நான் விளங்கிக்கொண்டபடி இது இரத்த வறையைப் பற்றிய கேள்வி அல்ல. நாக்கில் எதுவும் மாறாதபோது, காதில் விழுந்த ஒரு சொல் எப்படி வயிற்றைப் புரட்டுகிறது என்பதுதான் கேள்வி. அதற்குள் சின்னதாக இன்னொன்றும் இருக்கிறது: நான் நடிக்கிறேனா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் நடிக்கவில்லை.

நான் வன்னியில் 26 வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்தவன். ஊரில் பி.எச்.ஐ. என்பார்கள். பயிற்சியில் படித்தது கிருமியும் கிணறும் கழிப்பறையும் இறைச்சிக் கடையும். உளவியல் நானாகத் தேடி வாசித்தது. ஆகவே கிருமி பற்றிச் சொல்வதைத் தொழில்காரன் சொல்வதாக எடுங்கள். மனம் பற்றிச் சொல்வதை வாசித்தவன் ஒருவனின் பேச்சாக எடுங்கள்.

முறைப்பாடுகளிலிருந்து தொடங்குகிறேன். அரிசியில் கல் கிடந்தது என்று வருகிறவர் கோபத்தோடு வருவார். பல் உடைந்திருந்தால் கத்துவார். பாணுக்குள் பல்லி கிடந்தது என்று வருகிறவர் வேறு மாதிரி வருவார். முகம் சுருங்கியிருக்கும், மேலுதடு ஏறியிருக்கும், பொதியைக் கை நீட்டித் தூரப் பிடித்திருப்பார். கல்லுக்குக் கோபம், பல்லிக்கு ஓங்காளம். சாக்கு நூல், பிளாஸ்டிக் துண்டு, மண் என்று வந்தவை எல்லாம் முதல் வகை. தலைமயிர், நகம், கரப்பான், எலிப் புழுக்கை எல்லாம் இரண்டாம் வகை. உடலுக்குக் கெடுதி என்று பார்த்தால் வெந்த பாணுக்குள் இருக்கும் ஒரு தலைமயிரைவிடக் கல்தான் மோசம். ஆனால் கல் வந்த அரிசியைத் திரும்பக் கொழித்துச் சமைப்பார்கள், மயிர் வந்த சோற்றைக் கொட்டுவார்கள். அன்ட்ராஸ் அன்ஜியால் என்ற உளவியலாளர் 1941இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நாம் அருவருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை விலங்கின் அல்லது மனிதனின் உடலிலிருந்து வந்தவை, அதிலும் உடல் கழித்தவை. வெண்டிக்காயைப் பிடிக்காதவர் உண்டு. வெண்டிக்காயைப் பார்த்து ஓங்காளித்தவரை நான் கண்டதில்லை.

ஒன்றை வேண்டாம் என்பதற்கு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். பாகற்காய் வேண்டாம் என்பவன் நாக்கால் சொல்கிறான். கசப்பை எடுத்துவிட்டால் சாப்பிடுவான். காட்டுக் காளான் வேண்டாம் என்பவன் பயத்தால் சொல்கிறான். நஞ்சில்லை என்று காட்டினால் கறி வைப்பான். அருவருப்பு இந்த இரண்டிலும் சேராது. ருசியையும் விளைவையும் விட்டுவிட்டு, இது என்ன, எங்கிருந்து வந்தது என்பதையே அது மறுக்கிறது. இந்தப் பிரிவைத் தெளிவாக எழுதியவர்கள் இரண்டு உளவியலாளர்கள்: போல் ரொசின் (Paul Rozin), ஏப்ரல் ஃபாலன் (April Fallon), 1987இல். அவர்கள் சொன்னதில் உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது. அருவருப்பு வாயில் முடிகிறது, தொடங்குவதோ அறிவில். தொடங்கிய இடத்தில் ஏதாவது மாறினால் போதும், வாயில் எதுவும் மாறத் தேவையில்லை.

ரொசின் குழுவினர் அதற்கு ஒரு வருடம் முந்தி, 1986இல், அமெரிக்க மாணவர்களை வைத்துச் சில பரிசோதனைகளை வெளியிட்டார்கள். கிருமி நீக்கிய செத்த கரப்பான் ஒன்றைப் பழச்சாற்றில் தோய்த்து எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். பயம் மட்டும்தான் காரணம் என்றால், கிருமி நீக்கியது என்று சொன்னதுமே குடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் விரும்பவில்லை. எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. ஒரே சீனியை இரண்டு போத்தலில் கண் முன்னே கொட்டினார்கள். "சீனி" என்று ஒரு சீட்டு, "சயனைட்" என்று ஒரு சீட்டு. எதை எந்தப் போத்தலில் ஒட்டுவது என்பதைக்கூட அந்த மாணவரே தீர்மானித்து ஒட்டினார். பிறகு இரண்டிலிருந்தும் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தபோது, தாமே ஒட்டிய சீட்டுக்குத் தாமே தயங்கினார்கள். இது அருவருப்பைவிடப் பயத்துக்குக் கிட்ட நிற்கும் பரிசோதனை, சரி. ஆனால் ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. உங்கள் அம்மா ஒட்டிய சீட்டு "ஈரல்". மாமா வீட்டில் அது உரிந்து விழுந்தது.

சட்டி விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் வீட்டாருக்கு எடுப்பாகத் தெரிகிறது. அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமைச் சமையலை மச்சச் சட்டியில் வைப்பார்களா? வைக்க மாட்டார்கள். எவ்வளவு சாம்பல் போட்டு மினுக்கினாலும், எவ்வளவு கொதிநீர் ஊற்றினாலும் மச்சச் சட்டி மச்சச் சட்டிதான். ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் இரண்டு சட்டிக்கும் வித்தியாசம் சொல்ல மாட்டார்கள், குசினியில் இருக்கும் அம்மம்மா சொல்லுவா. ஒரு தடவை தொட்டது எப்போதும் தொட்டதே என்ற இந்த நினைப்பை மந்திர வழக்கங்களைப் பற்றி எழுதியவர்கள் "தொற்று விதி" என்று வைத்தார்கள், ரொசின் அதைச் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சோடியாக இன்னொரு விதி: ஒன்றைப் போல இருப்பது அதுவேதான். சோயா மீட்டில் இருப்பது எண்ணெய் எடுத்த சோயா மா மட்டும்தான். ஆனாலும் மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் பலர், "கடிக்க இறைச்சி மாதிரி இருக்கு" என்று அதைத் தள்ளி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் ஈரலை விட்டதும் இந்த விதியால்தான். நிறம் ஒன்று, பெயரையும் இவ்வளவு காலம் இரண்டும் பங்கு போட்டிருந்தன. ஆக, உங்கள் வீட்டில் இந்த விதிகளை நீங்கள் மட்டும் புதிதாகக் கொண்டுவரவில்லை.

இது பிறவியிலேயே வருவதா? இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. தவழும் பிள்ளை கோழிப் பீயை எடுத்து வாயில் வைப்பதை எங்கள் முற்றங்களில் யாரும் பார்த்திருப்பீர்கள். ரொசின் குழுவினர் இதையும் சோதித்தார்கள். நாய்ப் பீ போலத் தோன்றும்படி கச்சான் பட்டரையும் மணக்கும் சீஸையும் பிசைந்து கொடுத்தபோது, இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களில் பாதிக்கு மேல் சாப்பிட்டார்கள். அருவருப்பு அதற்குப் பிறகு, பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, மெல்ல வருகிறது. அந்தப் பரிசோதனையில் பிள்ளைகளுக்கு நீட்டிய அருவருப்பான பொருள்களில் ஒன்று தலையும் கண்ணுமாகக் காய்ந்த ஒரு சின்ன மீன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முல்லைத்தீவில் நெத்தலிக் கருவாட்டைப் பொரித்துக் கொடுத்தால் பிள்ளை இன்னும் கேட்கும். ஆகவே அமெரிக்க மாணவர்களிடம் கண்டதை அப்படியே எங்கள் தலையில் கட்டக் கூடாது. அருவருக்கும் இயந்திரம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதற்குள் எதைப் போடுவது என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது.

வன்னியை விட்டு வெளியே போகத் தேவையில்லை, இங்கேயே உதாரணம் இருக்கிறது. உடும்பு இறைச்சியைப் பற்றிப் பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் கண் மினுங்கும். (உடும்பு பாதுகாக்கப்பட்ட விலங்கு, பிடிப்பது குற்றம். பி.எச்.ஐ. சாப்பிடச் சொன்னார் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.) ஆனால் சிங்களத்தில் கபரகொயா என்று சொல்லும் நீருடும்பை அதே ஆள் "சீ, அரியண்டம்" என்பார். இரண்டும் ஒரே இனவரிசை, ஒரே உருவம். அப்புறம் தேன். தேனீ பூவின் சாற்றை உறிஞ்சித் தன் தேன் பையில் கொண்டுவந்து, கூட்டில் கக்கி, இன்னொரு தேனீயின் வாய்க்கு மாற்றி, தன் சுரப்பைக் கலந்து, சிறகால் விசிறி வற்ற வைத்ததுதான் தேன். அந்தப் பை செரிமான வயிறு அல்ல, அதன் முன்னால் இருக்கும் தனிப் பை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படி மினுக்கிச் சொன்னாலும் பூச்சி கக்கியதுதான். இதை வாசித்து ஒருவர்கூட வன்னித் தேனை ஊற்றப் போவதில்லை. மருந்துக்குக் குழைத்து நாக்கில் வைத்த நினைவும் அபிஷேகத்தில் வழிந்த நினைவும் முதலில் வந்துவிட்டன. பூச்சியைப் பற்றிய செய்தி பிந்தித்தான் வந்தது. உங்களுக்கு இரத்தத்தில் நடந்தது வேறு. மாமா வீட்டில் பிறந்த பிள்ளை மூன்று வயதிலேயே "இரத்த வறை" என்ற பெயரோடு அதைச் சாப்பிட்டிருக்கும். உங்களுக்குப் பெயர் கடைசியில் வந்தது, அதுவும் ஆட்டின் கழுத்தோடு சேர்ந்து வந்தது.

இனி என் தொழில். இரத்தம் பொல்லாததா? பச்சையாக வைத்திருந்தால் ஆம். கிருமிக்கு அதைவிட நல்ல தீனி குறைவு, ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலேயே இரத்தம் கலப்பது உண்டு. ஆனால் நோயில்லாத ஆட்டில் சுத்தமாகப் பிடித்து, உடனே நன்றாக அவித்து, அதற்குப் பிறகு வறுத்தும் எடுத்தால் அதில் பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் இவ்வளவு காலம் சாப்பிட்டதில் உங்களுக்குக் கெடுதி நடக்கவில்லை. அதே வீட்டில் யாருக்கும் அருவருப்பே வராத இரண்டு சாமானைக் காட்டுகிறேன். ஒன்று, மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கச்சான். துடைத்துவிட்டு வறுப்பார்கள். அந்தப் பூஞ்சணத்தில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், ஈரலில் புற்றுநோய் வரச் செய்வது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீனியில் கலந்த கச்சான் பிண்ணாக்கில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது, மத்தியானம் ஆக்கி இரவு வரை வெளியில் வைத்த சோறு. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து சோறு வேகும்போது சாகாது. சோறு ஆறிக் கிடக்கையில் முளைத்து நஞ்சு விடும், சூடாக்கினாலும் அந்த நஞ்சு நிற்கும். இந்த இரண்டுக்கும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அருவருப்பு காவல் நாய் மாதிரி. தெரிந்த கள்ளனைக் கண்டு வாலாட்டும், தபால்காரனைக் கண்டு குரைக்கும். சுத்தத்தை அளக்கும் கருவியாக அதை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

ஆனால் அது ஏன் இப்படி அமைந்தது? இங்கேதான் உறுதி குறைகிறது. வலரி கேர்ட்டிஸ் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 2004இல், இணையத்தில் ஏறக்குறைய 40,000 பேருக்குப் படங்கள் காட்டி, நோய்க்குக் கிட்ட இருப்பதாகத் தோன்றும் படங்களே கூடுதலாக அருவருக்கப்படுகின்றன என்று கண்டார்கள். நோயிலிருந்து காக்க வளர்ந்த உணர்வு என்பது அவர்கள் முடிவு. மூலத்துக்கு இது நல்ல விளக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் மச்சச் சட்டியையும் உடும்பையும் இது மட்டும் விளக்காது. ரொசின் பக்கத்து விளக்கம் வேறு: நாமும் இரத்தமும் குடலுமான ஒரு விலங்குதான், சாகப் போகிறவர்கள்தான் என்பதை ஞாபகப்படுத்துகிறவற்றை நாம் தள்ளுகிறோம் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபிப்பது கடினம். உயர்தரத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரலாம். இளிவரல், அதாவது இழிவும் அருவருப்புமான உணர்வு, என்ற மெய்ப்பாடு பிறக்கும் இடங்களாக அங்கே சொல்லப்படுபவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கு. சாப்பாடு அந்தப் பட்டியலில் இல்லை. பிணியும் மூப்பும் இருக்கின்றன. இதை வைத்து எதையும் நிரூபிக்க வரவில்லை, ஒத்துப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பசியைப் பற்றிச் சொல்லாமல் வன்னியில் இருந்துகொண்டு சாப்பாடு பற்றி எழுத முடியாது. 2009இல் நானும் குடும்பத்தோடு, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக் பாம் முகாமில் இருந்தேன். அரிசியில் வண்டு இருந்தால் முதல் கிழமை பொறுக்கினோம். பிறகு மேலே மிதப்பதை மட்டும் எடுத்தோம். பிறகு பேசாமல் சாப்பிட்டோம். அதற்கு முந்திய மாதங்களில் முள்ளிவாய்க்காலில் வெறும் உப்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, கஞ்சிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க மனம் இருக்கவில்லை. அதே 2009இல் ஜேர்மன் ஆய்வாளர்கள், பசித்த மனிதருக்கு உணவைக் கண்டு வரும் அருவருப்பு குறைகிறது என்று முகத் தசையை அளந்து எழுதியிருந்தார்கள். நான் அதைப் பல வருடம் கழித்து வாசித்தேன். நான் கண்டது இது: அருவருப்பு செத்துப் போவதில்லை, ஒதுங்கி நின்று வழி விடுகிறது. வீடு திரும்பி இரண்டு போகம் நெல் வெட்டியதும் என் மனைவி திரும்ப வண்டு பொறுக்கத் தொடங்கினாள். எனக்கு அது சந்தோசமாக இருந்தது. முகாமில் மாதக்கணக்காகப் பருப்பே சாப்பிட்டு இன்றைக்கும் பருப்பு வேண்டாம் என்பவர்கள் உண்டு, ஆனால் அது வேறு. அவர்களுக்குப் பருப்பு அசுத்தமாகத் தெரியவில்லை, அந்த நாள்கள் திரும்பி வருகின்றன.

பொதி செய்த சாப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெலி, மார்ஷ்மெலோ, கப்சூல் மருந்தின் ஓடு இவற்றில் வரும் ஜெலட்டின் மாடு அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. பொதியில் ஈ120 (E120) என்று எழுதியிருந்தால் அது கள்ளிச் செடியில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி எடுத்த சிவப்பு. ஈ904 ஒரு பூச்சி சுரப்பது. அதை "அரக்கு" என்று சொன்னால் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. பன்றி வேண்டாம் என்று ஒரு முஸ்லிம் குடும்பமும், மாடு வேண்டாம் என்று ஒரு சைவக் குடும்பமும் ஜெலியைத் தள்ளுவது நெறி சம்பந்தப்பட்டது. அதை வெறும் அருவருப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நெறி நாள்பட்டால் அருவருப்பாகவும் மாறும். உடல்நலத்துக்காக இறைச்சியை விட்டவர்களைவிட, நெறிக்காக விட்டவர்களுக்கே இறைச்சியில் கூடுதல் அருவருப்பு என்று ரொசினின் 1997ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. எது உள்ளே இருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிட்டு விற்பதுதான் இரண்டு பேருக்கும் மரியாதை.

அது உங்கள் அம்மாவிடம் கொண்டுவருகிறது. என் ஊகம் ஒன்று, ஊகமாகவே எடுங்கள்: உங்களுக்கு ஓங்காளம் வந்ததில் பாதி இரத்தத்தால், மீதி ஏமாந்ததால். வாய்க்குள் போவதை நம்பி விடுகிறோம், அந்த நம்பிக்கை குலைந்ததும் வயிறு கோபிக்கிறது. ஆனால் அவர் ஏன் பெயரை மறைத்தார் என்றும் யோசியுங்கள். இரத்தத்திலும் ஈரலிலும் இருக்கும் இரும்பை உடல் இலகுவாக எடுக்கும். சோகை பிடித்த பொம்பிளைப் பிள்ளைக்கு எதையாவது சொல்லி ஊட்டிவிடு என்று எங்கள் கிராமங்களில் சொல்லாதவர் இல்லை. இப்போது இரண்டையும் விட்டிருக்கிறீர்கள் என்றால் நெத்தலி, கீரை, பயறு, கூட ஒரு எலுமிச்சம் துண்டு என்று பாருங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள், அது இரும்பைத் தடுக்கும்.

திரும்பச் சாப்பிட முடியுமா? கட்டாயம் இல்லை. இரத்த வறை இல்லாமல் யாரும் வாழலாம். வேண்டும் என்றால் நியாயம் பேசிப் பயனில்லை, நியாயத்தால் வராதது நியாயத்தால் போகாது. பழக்கத்தால் குறையும், அதுவும் பயம் குறைவதைவிட மெதுவாக. பழகியதற்கு மட்டும்தான் குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். பிணம் அறுத்துப் படித்த மருத்துவ மாணவர்களுக்கு, சில மாதத்தில் குளிர்ந்த பிணத்தைத் தொடும் அருவருப்புக் குறைந்தது, அப்போதுதான் இறந்த சூடான உடலுக்கு அது குறையவில்லை என்று ஒரு ஆய்வு உண்டு. நானும் அப்படித்தான். இறைச்சிக் கடையில் நின்று பாண் சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் தேத்தண்ணிக் கோப்பையில் ஒரு மயிர் மிதந்தால் இன்றைக்கும் ஊற்றிவிடுவேன். ஈரலிலிருந்து தொடங்குங்கள், நீங்களே வாங்கி, நீங்களே கழுவி, நீங்களே வெட்டி. கையால் தெரிந்துகொண்டது சில பேருக்கு வாயில் இலகுவாகிறது. அதே நேரம், இந்த ஓங்காளம் மற்றச் சாப்பாட்டுக்கும் பரவி நீங்கள் மெலிந்துகொண்டு போனால் அது என் எல்லைக்கு வெளியே. ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சட்டிக்கு வழி இருக்கிறது. அலுமினியச் சட்டி என்றால் சாம்பல் போட்டு மினுக்கிக் கொதிக்க வையுங்கள், கிருமி என்ற அளவில் அது புதுச் சட்டிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். அதை நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருப்பீர்கள், அப்படியும் கத்தரிக்காய் இறங்கியிருக்காது. வேறொரு சட்டி வாங்குங்கள், பெரிய விலை இல்லை. எங்கள் வீட்டிலும் பின் சுவரில் ஒன்று தனியாகத் தொங்குகிறது. அம்மா செத்துப் பதினொரு வருடம், இன்னும் அதில் யாரும் மீன் வைத்ததில்லை, நானும்தான்.